ஐபி வக்கீல் எதற்குக் கட்டணம் வாங்குகிறார்?

ஈரோட்டில் மசாலாப்பொடி செய்து விற்கும் ஒருவர் தன் கடைப் பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில மாதம் கழித்து அரசு இணையதளத்தில் பார்த்தால் 'ஆப்ஜெக்டட்' என்று காட்டுகிறது. 999 ரூபாயில் எல்லாம் முடித்துத் தருவதாகச் சொன்ன ஏஜென்ட்டைக் கூப்பிட்டால், "அதுக்குத் தனி சார்ஜ் சார்" என்கிறார். பெயர் போய்விட்டதா, இனிமேலாவது வக்கீலைப் பார்க்க வேண்டுமா, பார்த்தால் அவர் என்ன செய்வார்?

அறிவுசார் சொத்துரிமை, சுருக்கமாக ஐபி, பார்க்கும் வக்கீல் நிறுவனங்களின் இணையதளத்தைத் திறந்தாலும் தெளிவு கிடைப்பதில்லை. பிராசிக்யூஷன், ஆப்பொசிஷன், என்ஃபோர்ஸ்மென்ட், போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட் என்று வறட்டுப் பட்டியல்தான் இருக்கும். வறட்சிக்குக் காரணம் உண்டு. வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி 36, வக்கீல்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008-இல் வந்த தளர்வின்படி பெயர், முகவரி, தகுதி, பார்க்கும் துறை ஆகியவற்றை இணையதளத்தில் போடலாம். அதற்கு மேல் விளக்கி, 'எங்களிடம் வாருங்கள்' என்று அழைக்க முடியாது. இணையதளங்கள் வழியாக வக்கீல்கள் ஆள் பிடிப்பதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கடுமையாகக் கண்டித்தது. ஆக, அந்தப் பட்டியலை வேறு யாராவதுதான் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சொற்கள்

தமிழில் இந்த விஷயம் குழம்புவதற்குப் பாதிக் காரணம் 'காப்புரிமை' என்ற சொல். இளையராஜா பாடல் பற்றிய செய்தியிலும் காப்புரிமை, புற்றுநோய் மருந்து பற்றிய செய்தியிலும் காப்புரிமை, கடைப் பெயர் தகராறிலும் காப்புரிமை. மூன்றும் மூன்று வெவ்வேறு சட்டங்கள். இந்தக் கட்டுரையில் சொற்கள் இப்படி வரும்:

1. வணிகக்குறி, அதாவது டிரேட்மார்க்: பொருளை இன்னார் விற்கிறார் என்று காட்டும் பெயர் அல்லது சின்னம். 1999-ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால் முடிவே கிடையாது.

2. காப்புரிமை, அதாவது பேட்டன்ட்: புதிய கண்டுபிடிப்புக்கு. 1970-ஆம் ஆண்டுச் சட்டம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அப்புறம் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

3. பதிப்புரிமை, அதாவது காப்பிரைட்: எழுத்து, இசை, ஓவியம், திரைப்படம், மென்பொருள். 1957-ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்துக்கும் இசைக்கும் படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும். பதிவு கட்டாயமில்லை, எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடுகிறது.

4. வடிவமைப்பு: பொருளின் கண்ணுக்குத் தெரியும் தோற்றம். பாட்டில், நாற்காலி, சேலைக் கரை போன்றவை. 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

5. புவிசார் குறியீடு: ஊரோடு ஒட்டிய பொருள். ஈரோடு மஞ்சள், பழனி பஞ்சாமிர்தம், கோவில்பட்டி கடலைமிட்டாய். நாடு முழுவதற்குமான பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது.

இன்னொரு சொல்லும் பயமுறுத்தும். பிராசிக்யூஷன் என்றதும் போலீஸ், குற்ற வழக்கு என்று நினைக்க வேண்டாம். ஐபி துறையில் அதன் பொருள், விண்ணப்பத்தைத் தாக்கல் செய்து, அலுவலகம் எழுப்பும் கேள்விக்குப் பதில் சொல்லி, சான்றிதழ் வரும் வரை கூடவே போவது. அவ்வளவுதான்.

தாக்கல் செய்வது சின்ன வேலை

வணிகக்குறிக்கான டிஎம்-ஏ படிவத்தை இணையத்தில் யாரும் நிரப்பலாம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000. வகுப்பு என்பது பொருள்களையும் சேவைகளையும் 45 கூறுகளாகப் பிரித்த பட்டியல். மசாலாப்பொடி 30-ஆம் வகுப்பில் வரும். அதே பெயரில் ஓட்டல் நடத்தினால் அது 43. படிவத்தை நிரப்பித் தருவதற்கு மட்டும் 999 ரூபாய் என்றால் அது நியாயமான விலைதான். முழு வேலைக்குமான விலை அது என்று நம்பும்போதுதான் வம்பு.

ஏனென்றால் படிவத்தில் மூன்று இடங்கள் பின்னாளில் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. முதலாவது, பெயர் பதியத் தக்கதா என்பது. சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பொருளின் தரத்தையோ ஊரையோ வெறுமனே விவரிக்கும் சொல்லைத் தனியாருக்குத் தராது. 'சுத்தமான மிளகாய்த்தூள்' யாருடைய சொத்தும் ஆகாது. 'ஈரோடு மஞ்சள்' என்பதையும் ஒருவர் தன் பிராண்டாகப் பிடிக்க முடியாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது, அதில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத்தான் சேரலாம். இரண்டாவது, இதேபோன்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்பது. 11-ஆம் பிரிவு, எழுத்து ஒன்றாக இருப்பதை மட்டும் பார்ப்பதில்லை; காதுக்கு ஒன்றாகக் கேட்டாலும் சிக்கல். நல்ல நிறுவனம் தேடல் அறிக்கை என்று தருவது, இந்த ஒலியொப்புமைகளை எடை போட்டு 'போடலாம், போட வேண்டாம், இப்படி மாற்றிப் போடலாம்' என்று சொல்லும் கருத்து. தளத்தில் பெயரைத் தட்டி 'பொருத்தம் இல்லை' என்று வந்த திரையைப் படமெடுத்து அனுப்புவதற்குப் பெயர் தேடல் அறிக்கை இல்லை.

மூன்றாவது இடத்தைத்தான் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். எந்த நாளிலிருந்து இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கட்டம் அது. 'இனிமேல்தான்' என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். நாளைக் குறித்தால் உறுதிமொழிப் பத்திரமும் பழைய பில்களும் இணைக்க வேண்டும். இருபது ஆண்டாகக் கடை நடத்துகிறவர் சோம்பல்பட்டு 'இனிமேல்தான்' என்று எழுதினால், தன் வரலாற்றைத் தானே அழித்துக்கொள்கிறார்.

இருட்டுக்கடை வழக்கு சொல்வது

அந்தக் கட்டம் ஏன் முக்கியம் என்பதற்கு நெல்லையப்பர் கோயில் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 'இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரில் பல தலைமுறையாக விற்றுவந்த குடும்பத்துக்கும், 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று பெயர் வைத்த இன்னொருவருக்கும் வழக்கு. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பக்கமும் டிரேட்மார்க் பதிவு வைத்திருந்தார்கள். பதிவு பெற்ற ஒருவர் மீது பதிவு பெற்ற இன்னொருவர் 'உரிமை மீறல்' வழக்குப் போட முடியாது என்பது சட்டம். அப்படியானால் இருவரும் விற்றுக்கொள்ளட்டுமா?

2015-இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. பதிவு என்பது ஏற்கெனவே இருக்கும் உரிமைக்கு ஓர் அங்கீகாரம். முதலில் பயன்படுத்தி நற்பெயர் சேர்த்தவரின் உரிமை அதைவிட மேலானது. ஒருவர் பொருளை இன்னொருவருடையது போலக் காட்டி விற்பதைத் தடுக்கும் 'பாஸிங் ஆஃப்' வழக்கைப் பதிவு பெற்றவர் மீதும் தொடுக்கலாம். இதன் பலன் இரண்டு பக்கமும் வெட்டும். பதிவு செய்யாத பழைய கடைக்காரருக்கு இது தைரியம். சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் புதிய கடைக்காரருக்கு எச்சரிக்கை: உங்களுக்கு முன்னால் அந்தப் பெயரில் ஒருவர் எங்கோ விற்றுக்கொண்டிருந்தால் சான்றிதழ் மட்டும் காப்பாற்றாது. எனவே பதிவேட்டோடு சந்தையையும் தேட வேண்டும்: உணவுத் துறை உரிமங்கள், இணைய விற்பனைத் தளங்கள், கம்பெனிப் பெயர்கள். இந்தத் தேடலுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுப்பதில் தப்பில்லை.

ஆப்ஜெக்டட் வேறு, ஒப்போஸ்டு வேறு

சரி, மசாலாக் கடைக்காரரின் திரைக்கு வருவோம். 'ஆப்ஜெக்டட்' என்றால் அலுவலகத்தின் பரிசோதகர் கேள்வி கேட்டிருக்கிறார் என்று பொருள். பெயர் போய்விடவில்லை. பெரும்பாலான விண்ணப்பங்கள் தாண்டி வரும் கட்டம் இது. அறிக்கை கையில் கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்தில் பதில் போட வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் நேர்முக விசாரணை வைப்பார்கள், இப்போது அது காணொலியில் நடக்கிறது.

'ஒப்போஸ்டு' என்பது வேறு ரகம். பரிசோதகர் ஏற்றுக்கொண்ட பிறகு பெயர் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியாகும். அதன்பின் நான்கு மாதத்துக்குள் உலகில் யாரும் எதிர்ப்பு மனு போடலாம். பட்டியலில் 'ஆப்பொசிஷன்' என்று இருப்பது இதுதான். போட்டால் இரண்டு மாதத்தில் எதிர்வாதம் தாக்கல் செய்தாக வேண்டும். இந்த இரண்டு மாதத்தை நீட்டிக்க வழியே இல்லை. தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே சட்டம் கருதும். அப்புறம் சாட்சியம், பதில் சாட்சியம், விசாரணை என்று சின்ன நீதிமன்றம் போலவே நடக்கும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஏஜென்ட்டின் 999 ரூபாய்க்கும் வக்கீல் நிறுவனத்தின் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் இங்கேதான் விளங்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வாரந்தோறும் ஜர்னலைப் படித்து, நம் பெயரைப் போன்ற பெயருக்கு வேறு யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்று பார்ப்பது. பட்டியலில் 'வாட்ச் சர்வீஸ்' என்று இருப்பது இதுதான். நான்கு மாதத்தில் கண்ணில் பட்டால் எதிர்ப்பு மனுவோடு முடியும். தவறவிட்டால் பிறகு பதிவை நீக்கக் கோரி வழக்காட வேண்டும்.

காப்புரிமையில் ஒவ்வொரு சொல்லும் வேலி

காப்புரிமை விண்ணப்பத்தின் கடைசியில் எண்ணிட்ட வாக்கியங்கள் சில இருக்கும். அவற்றைக் கிளெய்ம் என்பார்கள். விவசாய நிலத்துக்கு நான்கெல்லை எழுதுவது மாதிரி, கண்டுபிடிப்பின் எல்லையை அந்த வாக்கியங்கள்தான் குறிக்கின்றன. எல்லையை அகலமாக எழுதினால் பழைய தொழில்நுட்பத்தின் மீது விழுந்து விண்ணப்பமே தள்ளுபடியாகும். குறுக்கி எழுதினால் போட்டியாளர் வேலிக்கு வெளியே வண்டி ஓட்டிப் போவார்.

வண்டி என்றது சும்மா இல்லை. 2007-இல் டிவிஎஸ் நிறுவனம் ஃபிளேம் என்ற 125 சிசி மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தபோது, 'டிடிஎஸ்-ஐ' என்ற தன் இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சினுக்கான காப்புரிமையை மீறுவதாகப் பஜாஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள சிறிய சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் என்பது பஜாஜ் கிளெய்மின் சாரம். எங்கள் எஞ்சினில் மூன்று வால்வு, வேறு தொழில்நுட்பம் என்றது டிவிஎஸ். 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை போட்டார். டிவிஎஸ் ஒற்றை பிளக்கோடு வண்டியை விற்க வேண்டியதாயிற்று. 2009 மே மாதம் இரு நீதிபதி அமர்வு தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்கலாம், விற்பனைக்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதோடு, இத்தகைய வழக்குகளை இழுத்தடிக்காமல் முடிக்க வேண்டும் என்றும் கீழ் நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தியது. கடைசியில் 2019-இல் சமரசம் ஆயிற்று. பிளக் எத்தனை, வால்வு எத்தனை என்பதில் ஒரு மாடலின் அறிமுகமே தடுமாறியது.

இந்த வாக்கியங்களை எழுதுபவர் வக்கீலாகவே இருக்க வேண்டியதில்லை என்பது பலருக்கு ஆச்சரியம். காப்புரிமை முகவர் ஆவதற்கு அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டமும், அரசு நடத்தும் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். ஐபி நிறுவனத்தில் கறுப்புக் கோட்டே போடாத ரசாயனப் பட்டதாரியும் மெக்கானிக்கல் இன்ஜினீயரும் உட்கார்ந்திருப்பது இதனால்தான். விண்ணப்பத்தை யார் எழுதப்போகிறார், அவருக்கு உங்கள் துறை தெரியுமா என்று கேட்பது நாகரிகக் குறைவு ஆகாது.

அரசுக் கட்டணம் இங்கேயும் சின்னது. தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் இணையத் தாக்கலுக்கு 1,600 ரூபாய், விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும்படி அலுவலகத்தைக் கேட்கும் பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000. செலவின் பெரும்பகுதி எழுத்துக்குத்தான். ஸ்டார்ட்அப்புகளுக்கு மத்திய அரசு 2016-இல் தொடங்கிய திட்டத்தில், அரசின் பட்டியலில் உள்ள முகவரின் கட்டணத்தை அரசே தருகிறது.

ஒரு வேலையை மட்டும் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே செய்யாமல் இருக்க வேண்டும். கண்டுபிடித்ததை யூடியூபில் போடக் கூடாது. விண்ணப்பத்துக்கு முன் உலகம் பார்த்துவிட்டால் புதுமை போயிற்று. கண்காட்சி, கற்றறிந்தோர் அவையில் வாசித்த கட்டுரை என்று சில குறுகிய விதிவிலக்குகள்தான் இந்தியாவில் உண்டு. அவசரமென்றால் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து விண்ணப்ப நாளைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம்.

மருந்துத் துறைக்கு இன்னொரு வேலி இருக்கிறது. தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்குக் கூடுதல் பலன் இருந்தால்தான் காப்புரிமை என்கிறது 3(டி) பிரிவு. நோவார்ட்டிஸ் நிறுவனம் ரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக்குக்காக 1998-இல் கொடுத்த விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்தது. எதிர்ப்பு மனு கொடுத்தவர்களில் புற்றுநோயாளிகள் நலச் சங்கமும் ஒன்று. ஆப்பொசிஷன் என்பது போட்டிக் கம்பெனிகள் மட்டும் வாங்கும் சேவை என்று நினைத்துவிடக் கூடாது.

நாள்காட்டிதான் மூலதனம்

ஒரு ஐபி நிறுவனத்தின் உள்ளே போய்ப் பார்த்தால், நீதிமன்ற வாதத்தைவிட அதிக உழைப்பு நாள் குறிப்பதில் போகிறது. 'டாக்கெட்டிங்' என்பார்கள். பட்டியலில் இருந்த போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட்டில் பெரும்பகுதி இதுதான்.

1. காப்புரிமைப் பரிசோதனைக் கோரிக்கை: 31 மாதம். 2024 மார்ச்சுக்கு முன் 48 மாதமாக இருந்தது. பழைய கணக்கை நம்பியிருந்தால் அதோகதி.

2. முதல் பரிசோதனை அறிக்கைக்குப் பதில்: 6 மாதம். கேட்டுக்கொண்டால் மேலும் 3.

3. இந்திய விண்ணப்ப நாளையே வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும் கணக்கில் கொள்ளச் சொல்லி முன்னுரிமை கோருவது: காப்புரிமைக்கு 12 மாதம், வணிகக்குறிக்கு 6 மாதம். உரிமை நாட்டுக்கு நாடு தனி. இந்தியச் சான்றிதழ் துபாயில் செல்லாது.

4. வணிகக்குறியைப் பதிந்துவிட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், அதை நீக்கச் சொல்லி மற்றவர் கேட்கலாம்.

இதில் ஏஜென்ட்டுகளிடம் வரும் பெரிய ஆபத்து, விண்ணப்பத்தில் தங்கள் மின்னஞ்சலை மட்டும் கொடுத்துவிடுவது. அலுவலகத்தின் அறிக்கை அங்கேதான் போகும். ஏஜென்ட் தொழிலை மாற்றிக்கொண்டு போய்விட்டால் உங்களுக்கு எதுவும் தெரியாது. ஒரு நாள் திரையில் 'அபான்டன்ட்', அதாவது கைவிடப்பட்டது, என்று வரும். விண்ணப்ப எண்ணை வாங்கிவைத்து மாதம் ஒருமுறை நீங்களே நிலையைப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

நோட்டீஸ், தடை, அசோக் குமார்

பட்டியலில் 'என்ஃபோர்ஸ்மென்ட்' என்று இருப்பது, உரிமையை மீறுகிறவரைத் தடுக்கும் வேலை. உரிமை மீறல் என்றதும் முதலில் வருவது வக்கீல் நோட்டீஸ். பல விவகாரங்கள் அதிலேயே பேசி முடியும். ஆனால் அடிப்படை இல்லாமல் மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போய் நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கோபத்தில் நோட்டீஸ் அனுப்பச் சொல்லும் கட்சிக்காரரைத் தடுப்பதும் வக்கீலின் சேவைதான், அதற்குப் பில் வராது என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

வழக்குகளுக்கென்று முன்பு மேல்முறையீட்டு வாரியம் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இருந்தது. 2021-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தனி ஐபி பிரிவுக்கு விதிகள் கொண்டுவந்தது.

யாரென்றே தெரியாதவர் மீதும் தடை வாங்கலாம். ஆள் தெரியாததால் கற்பனைப் பெயர் போட்டு வழங்கும் உத்தரவு அது. வெளிநாட்டில் 'ஜான் டோ' உத்தரவு என்பது இங்கே 'அசோக் குமார்' உத்தரவு. 2012-இல் '3' படத்தின் திருட்டுப் பதிப்பைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த அசோக் குமார் உத்தரவில், இணையச் சேவை நிறுவனங்கள் முழுத் தளங்களையே முடக்கியதால் படத்துக்குச் சம்பந்தமில்லாதவர்களும் பாதிக்கப்பட்டார்கள். பிறகு குறிப்பிட்ட இணைய முகவரிகளை மட்டும் முடக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவைச் சுருக்கியது.

லோகோ யாருடையது?

ஒப்பந்தம் எழுதுவது பட்டியலில் கடைசியில் இருக்கும். சிறுதொழிலுக்கு அதிகம் உதவுவது அதுதான் என்பேன். லோகோ வரைந்து கொடுத்த ஃப்ரீலான்ஸருக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தாயிற்று, லோகோ நம்முடையதுதானே? பொதுவாக இல்லை. சம்பள ஊழியர் வேலையில் வரைந்தது முதலாளிக்குப் போகும்; வெளியாள் வரைந்தால் பதிப்புரிமை வரைந்தவரிடமே தங்கும், எழுதிக் கையெழுத்திட்டு மாற்றினால் ஒழிய. மாற்றும்போதும் எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கத் தாளில் முடியும் வேலை. பின்னால் முதலீட்டாளர் வந்து ஆவணம் கேட்கும்போது ஃப்ரீலான்ஸரைத் தேடி அலைவதைவிட மலிவு.

பில்லில் பார்க்க வேண்டியவை

அரசுக் கட்டணத்தையும் தொழில் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டச் சொல்ல வேண்டும். 'எல்லாம் சேர்த்து' என்று சொல்லும் தொகையில் ஆட்சேபத்துக்கான பதில், விசாரணை, எதிர்ப்பு ஆகியவை அடங்குமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். சிறுதொழில் என்று காட்டும் உத்யம் சான்றிதழ் இருப்பதைச் சொல்லாவிட்டால் 4,500-க்குப் பதில் 9,000 கட்ட நேரும். சான்றிதழ் வருவதற்கு முன்பே பெயர் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். பதிவாகும் வரை டிஎம் மட்டும்தான் போடலாம்.

விண்ணப்பம் வெளியான பிறகு தபாலில் ஒரு விநோதமும் வரும். பெயரும் முகவரியும் பொதுவில் இருப்பதால், சர்வதேச அமைப்பு போலத் தோன்றும் முத்திரையோடு, பல நூறு டாலர் கட்டச் சொல்லி இன்வாய்ஸ் அனுப்பும் கும்பல்கள் உண்டு. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பே தன் இணையதளத்தில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடலாம். போடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து உங்கள் வக்கீலுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். அடுத்த கடிதம் உண்மையானதாக இருந்தால் அவர் சொல்லிவிடுவார்.